சங்கப் பாட்டில் "நான்" என்பது யார்?

கல்யாணப் பத்திரிகைகளில் "செம்புலப் பெயல்நீர் போல" என்று அச்சடிக்கிறார்கள். காதல் படங்களுக்குக் கீழே குறுந்தொகை வரி ஒன்றைப் போட்டு, "2000 ஆண்டுக்கு முன்னால் ஒரு கவிஞன் தன் காதலியைப் பார்த்துப் பாடியது" என்று எழுதுகிறார்கள். சங்கப் பாடல் இப்படிப் பலர் வாயில் புழங்குவது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கூடவே இரண்டு தவறான எண்ணங்களும் பரவுகின்றன. கவிஞர் தன் சொந்த மனத்தைக் கொட்டி எழுதியது இந்தப் பாட்டு என்பது ஒன்று. மலை, மழை, பறவை எல்லாம் அழகுக்காகச் சேர்த்த இயற்கை வருணனை என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் நம்பிக்கொண்டு படித்தால் பாட்டில் பாதிதான் நமக்குக் கிடைக்கும்.

சங்கப் பாட்டு புரியவில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பழைய சொற்களைத்தான் காரணமாகச் சொல்வார்கள். சொற்கள் கடினம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஓர் உரையை வைத்துக்கொண்டால் அந்தத் தடையைத் தாண்டிவிடலாம். தாண்டிய பிறகும், "சரி, அர்த்தம் தெரிந்துவிட்டது, இதில் அப்படி என்ன இருக்கிறது?" என்ற கேள்வி மிச்சமிருக்கும். இந்தப் பாட்டுகள் இயங்கும் முறை தெரிந்தால்தான் அதற்குப் பதில் கிடைக்கும். அந்த முறையை மட்டும் இங்கே பார்ப்போம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் குறுந்தொகையிலிருந்து. எட்டுத்தொகை நூல்களில் ஒன்றான அதில் சுமார் 400 பாட்டுகள் உள்ளன. ஏறக்குறைய எல்லாமே 4 முதல் 8 அடிக்குள் முடிந்துவிடும். புதிதாக வருபவருக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை.

பேருந்தில் கேட்கும் பேச்சு

பேருந்தில் முன் இருக்கையில் ஒரு பெண் கைப்பேசியில் பேசிக்கொண்டு வருகிறாள். "இல்லடி, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. நீ சும்மா எதையாவது சொல்லாதே." மறுமுனையில் பேசுவது நமக்குக் கேட்பதில்லை. ஆனாலும் இந்த இரண்டு வாக்கியத்திலிருந்தே எவ்வளவோ தெரிந்துவிடுகிறது. மறுமுனையில் இருப்பவள் தோழி. அவள் ஓர் ஆணைக் குறை சொல்லியிருக்கிறாள். இவள் அவனை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாள். பேச்சின் தொனியை வைத்து, இவளுக்கே உள்ளூர ஒரு சந்தேகம் இருக்கிறதோ என்றுகூட ஊகிக்கிறோம்.

காதலையும் இல்லறத்தையும் பாடும் சங்கப் பாட்டுக்கு *அகப்பாட்டு* என்று பெயர். அதைப் படிக்கும்போது நாம் இருப்பதும் இதே நிலையில்தான். பாட்டு முழுவதும் ஒருவருடைய பேச்சு. கதைசொல்லி கிடையாது, "அவள் இப்படிச் சொன்னாள்" என்ற முன்னுரையும் கிடையாது. பேச்சு மட்டும் நம் காதில் விழுகிறது. பேசுபவர் தலைவனாக இருக்கலாம். தலைவியாகவோ தோழியாகவோ, வளர்த்த தாயான செவிலியாகவோ இருக்கலாம். திருமணத்துக்கு வெளியே தலைவனோடு உறவுள்ள பரத்தையாகவும் இருக்கலாம். புலவர் மட்டும் தன் குரலில் பேசவே மாட்டார். இப்படிப் பாத்திரம் ஒன்றின் வாயில் வைக்கப்பட்ட பேச்சைத்தான் *கூற்று* என்கிறார்கள்.

இதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. கபிலர் ஆண். அவர் பாடிய பாட்டுகள் பலவற்றில் "நான்" என்று பேசுவது ஓர் இளம்பெண். அந்த "நான்" கபிலர் இல்லை என்பது அங்கேயே தெளிவாகிவிடுகிறது. அகப்பாட்டில் யாருடைய இயற்பெயரும் வரக்கூடாது என்று தொல்காப்பியமும் விதிக்கிறது. பெயர் இல்லாததால்தான் அந்தத் தலைவி எந்த ஊர்ப் பெண்ணாகவும் இருக்க முடிகிறது. மன்னர், போர், கொடை பற்றிய புறப்பாட்டில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. அங்கே அதியமானைப் பற்றி ஔவையார் தன் குரலிலேயே பாடலாம்.

யாரிடம் பேசுகிறார்?

பேசுபவர் யார் என்று தெரிந்தால் மட்டும் போதாது. கேட்பவர் யார் என்பதும் முக்கியம். நம் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி
காமம் செப்பாது கண்டது மொழிமோ
பயிலியது கெழீஇய நட்பின் மயிலியல்
செறியெயிற் றரிவை கூந்தலின்
நறியவும் உளவோநீ அறியும் பூவே.

பூந்தாது தேடி வாழும் தும்பி வண்டே, என் மனம் மகிழ வேண்டும் என்பதற்காகச் சொல்லாமல், கண்டதைச் சொல். மயில் போன்ற சாயல் கொண்ட இந்தப் பெண்ணின் கூந்தலைவிட மணமுள்ள பூ ஏதாவது நீ அறிந்தது உண்டா? இதுதான் பொருள்.

தருமி, பொற்கிழி, நக்கீரர் என்று திருவிளையாடற் புராணம் இந்தப் பாட்டைச் சுற்றிச் சொல்லும் கதை நமக்குத் தெரியும். கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா இல்லையா என்பதுதான் அங்கே வாதம். கதை அருமையானது. ஆனால் அந்த வாதத்தையே பாட்டின் மையமாக நினைத்துக்கொண்டால் பாட்டு கைநழுவிவிடும். இங்கே பேசுபவன் தலைவன். முதல்முறை கூடியிருந்த நேரம், அவள் பக்கத்திலேயே இருக்கிறாள். அவன் பேசுவது தும்பியிடம், ஆனால் கேட்க வேண்டியவள் அவள். அவளை நேராகப் பார்த்து "உன் கூந்தல் மணக்கிறது" என்றால் அது வெறும் புகழ்ச்சியாகிவிடும். பூக்களோடு வாழும் உயிர் ஒன்றிடம், "எனக்காகச் சொல்லாதே, உண்மையைச் சொல்" என்று கேட்டால் அதற்குச் சாட்சியின் வலிமை வந்துவிடுகிறது. தும்பி பதில் சொல்லப்போவதில்லை. அதுவும் அவனுக்கு வசதிதான்.

அகப்பாட்டில் இது அடிக்கடி நடக்கும். ஒருவரை விளித்துப் பேசுவார்கள், சேர வேண்டியது இன்னொருவர் காதுக்கு.

எப்போது பேசுகிறார்?

அகப்பாட்டுகளின் அடியில் உரைநடையில் ஒரு சிறு குறிப்பு இருக்கும். யார், யாரிடம், எந்தச் சூழ்நிலையில் சொன்னது என்று அது சொல்லும். அந்தச் சூழ்நிலைக்கு *துறை* என்று பெயர். இந்தக் குறிப்புகளைப் புலவர்கள் எழுதவில்லை, பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள் என்பது அறிஞர்களின் பொதுவான கருத்து. ஆகவே அவற்றுக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் நமக்குப் பல நூற்றாண்டுகள் முன்னால் வாழ்ந்த நல்ல வாசகர் ஒருவர் கொடுத்த துப்பு அது. ஒதுக்கிவிடாதீர்கள்.

"யாயும் ஞாயும் யாரா கியரோ" என்ற பாட்டைப் பாருங்கள். என் தாயும் உன் தாயும் யார் யாரோ, என் தந்தையும் உன் தந்தையும் எந்த வகையில் உறவு, நானும் நீயும் எப்படி அறிந்துகொண்டோம், செம்மண்ணில் பெய்த மழைநீர் போல நம் அன்பு நெஞ்சங்கள் கலந்துவிட்டன. பொதுவாக இதை இரண்டு பேர் இணைந்த மகிழ்ச்சியைச் சொல்லும் பாட்டாகவே படிக்கிறோம். துறைக் குறிப்பு வேறு ஒன்றைக் காட்டுகிறது. இருவரும் கூடிய பிறகு, இவன் நம்மைப் பிரிந்துவிடுவானோ என்று அவள் அஞ்சுகிறாள். அவள் முகக்குறிப்பைப் பார்த்துத் தலைவன் இதைச் சொல்கிறான்.

இப்போது அந்த உவமையைத் திரும்பப் பாருங்கள். மழைநீர் செம்மண்ணில் விழுந்தால் மண்ணின் நிறம் ஏறிவிடும். அதன் பிறகு பழைய தெளிந்த நீராக அதைத் திருப்பி எடுக்க முடியாது. "பிரிந்துவிடுவாயோ?" என்று அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு, "இனிப் பிரிக்கவே முடியாது" என்று அவன் பதில் சொல்கிறான். முதல் மூன்று அடிகளும் அப்போது வேறு மாதிரி ஒலிக்கின்றன. உறவும் இல்லை, பழக்கமும் இல்லை, பிறகு எதை நம்புவது என்பதுதானே அவள் பயம்? அந்தப் பயத்தை அவனே எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் மழைக்கு வருகிறான்.

இன்னொன்று, தேவகுலத்தார் பாடியது.

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே.

கரிய கொம்புகளையுடைய குறிஞ்சிப் பூக்களைக் கொண்டு வண்டுகள் பெருந்தேன் செய்யும் நாட்டை உடையவன் அவன். அவனோடு எனக்குள்ள நட்பு நிலத்தைவிடப் பெரியது, வானைவிட உயர்ந்தது, கடல்நீரைவிட ஆழமானது. தனியாகப் படித்தால் காதலின் பெருமை, அவ்வளவுதான். துறை சொல்வது இது: தோழி தலைவனைப் பழித்துப் பேசிவிட்டாள். தலைவி அதை மறுக்கிறாள். தலைவனோ வேலிக்கு அப்பால் நின்று இரண்டையும் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் விரைவில் மணம் செய்துகொள்ள வேண்டும் என்பது இவர்கள் விருப்பம். அப்படியானால் நிலமும் வானும் கடலும் வேலியைத் தாண்டி அவன் காதில் விழுவதற்காகச் சொல்லப்பட்டவை. இவ்வளவு பெரிய நட்பை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் ஒளிந்து வருவாய் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: அகப்பாட்டு என்பது ஒரு பாத்திரத்தின் பேச்சு, அதாவது கூற்று. அந்தப் பேச்சுக்கு ஒரு சூழ்நிலை உண்டு, அது துறை. யார், யாரிடம், எப்போது என்ற மூன்றையும் கேட்டுவிட்டால் அலங்காரம் போலத் தெரிந்த உவமைக்கும் ஒரு வேலை இருப்பது தெரியும்.

நிலம் எதற்கு வருகிறது?

ஐந்திணை என்றதும் குறிஞ்சி மலை, முல்லை காடு, மருதம் வயல், நெய்தல் கடல் என்று பள்ளிக்கூடப் பட்டியல் நினைவுக்கு வரும். பாலை மட்டும் கொஞ்சம் தனி. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் வறண்டு பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. பட்டியல் சரிதான். ஆனால் அதை நிலவியல் பாடமாக எடுத்துக்கொண்டதில்தான் குழப்பம் தொடங்குகிறது. அகப்பாட்டில் *திணை* என்பது ஒரு மனநிலையும், அதோடு மரபாகச் சேர்ந்து வரும் இடமும் காலமும் பொருள்களும் கொண்ட ஒரு தொகுப்பு.

அந்தத் தொகுப்பில் மூன்று அடுக்குகள் உண்டு. நிலமும் பொழுதும் *முதற்பொருள்*. அந்த நிலத்தின் மரம், பறவை, விலங்கு, உணவு, தெய்வம், தொழில் போன்றவை *கருப்பொருள்*. அங்கே நிகழும் மனித உணர்வு *உரிப்பொருள்*. குறிஞ்சிக்குக் கூடல், பாலைக்குப் பிரிவு, முல்லைக்குக் காத்திருத்தல், நெய்தலுக்கு இரங்கல், மருதத்துக்கு ஊடல். மூன்றில் முதன்மையானது உரிப்பொருள்தான்.

இந்த ஏற்பாட்டால் என்ன பயன்? முல்லைக்குரிய காலம் கார், அதாவது மழைக்காலம். கார் வருவதற்குள் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் தலைவன் வெளியூர் போவான். சரக்கொன்றை பூத்தால் கார் வந்துவிட்டது என்று பொருள். இது பாடியவருக்கும் கேட்டவருக்கும் தெரியும். அதனால் கொன்றை பூத்தது என்று சொன்னாலே போதும், "அவன் இன்னும் வரவில்லை" என்பது தானாகவே கேட்டுவிடும். கோவத்தனார் இதை வைத்து என்ன செய்கிறார் பாருங்கள்:

மடவ மன்ற தடவுநிலைக் கொன்றை
கல்பிறங்கு அத்தம் சென்றோர் கூறிய
பருவம் வாரா அளவை நெரிதரக்
கொம்புசேர் கொடியிணர் ஊழ்த்த
வம்ப மாரியைக் காரென மதித்தே.

இந்தக் கொன்றை மரங்கள் அறிவில்லாதவை. கற்கள் நிறைந்த பாலை வழியில் போனவர் சொன்ன பருவம் இன்னும் வரவேயில்லை. அதற்குள் பருவமில்லாமல் பெய்த புது மழையைக் கார் என்று நினைத்துக்கொண்டு கொம்பெல்லாம் கொத்துக் கொத்தாகப் பூத்துவிட்டன. பேசுபவள் தோழி. பூத்த மரத்தைப் பார்த்துத் தலைவி உடைந்துபோயிருக்கிறாள். மழையும் பெய்துவிட்டது, பூவும் பூத்துவிட்டது, எதையும் மறைக்க முடியாது. தோழியிடம் மிஞ்சியிருப்பது ஒரே வழி, மரத்தை முட்டாளாக்குவது. தன் பேச்சை எதிரில் இருப்பவள் நம்பமாட்டாள் என்று தெரிந்தும் அவள் அதைச் சொல்கிறாள். எனக்குக் குறுந்தொகையிலேயே மிகவும் பிடித்த பொய் இது. கொன்றை, கார், காத்திருத்தல் மூன்றுக்கும் உள்ள தொடர்பு தெரியாதவருக்கு இது மரத்தைத் திட்டும் விசித்திரமான பாட்டாகத்தான் தெரியும்.

ஒரு நிலத்துக்குரிய பூவோ பறவையோ இன்னொரு திணைப் பாட்டில் வரவும் செய்யும். தொல்காப்பியமே அதை அனுமதிக்கிறது. கபிலரின் "யாரும் இல்லைத் தானே கள்வன்" என்ற பாட்டில் ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்திருக்கும் குருகு வருகிறது. நீர்ப்பறவை வந்தாலும் பாட்டின் திணை குறிஞ்சி, ஏனென்றால் பேசப்படுவது களவில், அதாவது மணத்துக்கு முந்தைய மறைவான காதலில், கூடிய கூடல். அந்தக் குருகின் கால்களுக்கு அவள் சொல்லும் உவமையைக் கவனியுங்கள்: "தினைத்தாள் அன்ன". தினைப்புனம் காக்கும் மலைப்பெண்ணுக்கு வேறு எது முதலில் ஞாபகத்துக்கு வரும்?

திணையைப் பற்றி இவ்வளவு போதும். மனநிலைதான் மையம், நிலமும் காலமும் பூவும் பறவையும் அதைச் சொல்லும் மொழி.

சொல்லாமல் விட்ட உவமை

அடுத்தது *உள்ளுறை*. இயற்கைக் காட்சி ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு, அதற்கு இணையான மனித நிலையைச் சொல்லாமல் விட்டுவிடுவது இது. "போல" என்ற சொல் இருக்காது. நாம்தான் பொருத்திக்கொள்ள வேண்டும். ஆலங்குடி வங்கனாரின் பாட்டு:

கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம்
பழன வாளை கதூஉ மூரன்
எம்மிற் பெருமொழி கூறித் தம்மிற்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யுந்தன் புதல்வன் தாய்க்கே.

வயலோரத்து மாமரத்தில் பழுத்துத் தானாக விழும் இனிய பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊரைச் சேர்ந்தவன் அவன். எங்கள் வீட்டில் இருக்கும்போது பெரிய பெரிய பேச்செல்லாம் பேசினான். தன் வீட்டுக்குப் போனால், நாம் கையையும் காலையும் தூக்கத் தானும் தூக்கும் கண்ணாடிப் பிம்பம் போல, தன் மகனின் தாய் விரும்பியதையெல்லாம் செய்கிறான்.

பேசுபவள் பரத்தை. மனைவி தன்னைப் பற்றித் தவறாகப் பேசினாள் என்று கேள்விப்பட்டு, மனைவிக்கு வேண்டியவர்கள் காதில் விழும்படி இதைச் சொல்கிறாள். கண்ணாடிப் பிம்பம் வெளிப்படையான உவமை, "போல" இருக்கிறது. முதல் இரண்டு அடியில் அப்படி எதுவும் இல்லை, வெறும் மாமரமும் மீனும்தான். ஆனால் அவள் நிலைமையை வைத்துப் பாருங்கள். மரம் இருப்பது வயலில், மீன் இருப்பது குளத்தில். மீன் மரமேறவில்லை, கிளையை உலுக்கவுமில்லை. பழுத்த பழம் தானாகத் தண்ணீரில் விழுந்தது. பழம் தலைவன், மீன் தான். "நான் அவனை வளைத்துப் போடவில்லை, அவனாகத்தான் வந்தான்." தன் மேல் விழுந்த பழிக்கு அவள் சொல்லும் முழுப் பதிலும் அந்த இரண்டு அடிக்குள் இருக்கிறது. வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் அது தெருச்சண்டையாகியிருக்கும். ஊரை வருணிப்பது போலச் சொல்லிவிட்டதால் யாரும் மறுத்துப் பேச முடியாது.

எதுவரை பொருள் சொல்லலாம்?

உள்ளுறை என்று ஒன்று இருப்பது தெரிந்ததும் எல்லாவற்றுக்கும் உள்பொருள் கண்டுபிடிக்கும் ஆசை வந்துவிடும். இதிலும் கவனம் வேண்டும். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். அதை "நிலத்தினும் பெரிதே" பாட்டில் கொண்டுபோய் வைத்து, 12 ஆண்டு காத்திருந்து கனிந்த காதல் என்று பொருள் சொல்லிவிடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பாட்டில் ஆண்டுக் கணக்கு எதுவும் இல்லை. அதற்கும் மேலாக, வேலிக்கு அப்பால் நிற்பவன் சீக்கிரம் வந்து மணக்க வேண்டும் என்று விரும்புகிற பெண் 12 ஆண்டுக் காத்திருப்பை எதற்காக நினைவூட்டப்போகிறாள்? பேசுபவரின் நோக்கத்தோடு முரண்படும் பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிட வேண்டியதுதான்.

குருகுப் பாட்டு வேறு மாதிரி. அவன் என்னோடு கூடிய அன்று வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? ஒரு குருகும் இருந்தது என்கிறாள். மணம் தள்ளிப்போகும் வேளையில் தோழியிடம் சொன்னது. குருகு ஒரு சாட்சி, ஆனால் பேசாத சாட்சி. அதன் கண்ணும் மீன் மேல்தான் இருந்தது. இது பாட்டிலேயே இருக்கிறது. அந்தக் குருகு போலத் தலைவனும் அன்று தனக்கு வேண்டியதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான் என்று இன்னொரு படி போகலாமா? போகலாம் என்றே நினைக்கிறேன். அவனைக் கள்வன் என்று அவளே சொல்லியிருக்கிறாள், அவள் பயத்தோடும் அது பொருந்துகிறது. இதை ஒருவர் ஏற்காமல் போனாலும் பாட்டு நிற்கும்.

எங்கே தொடங்குவது?

உ.வே.சாமிநாதையர் 1937-இல் உரையோடு வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பு இன்றும் நல்ல துணை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் சங்க நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. உரையையும் துறையையும் கையால் மறைத்துக்கொண்டு முதலில் பாட்டை மட்டும் சத்தமாகப் படியுங்கள். பேசுவது யார் என்று நீங்களே ஊகியுங்கள். அப்புறம் கையை எடுங்கள்.

இன்னும் சின்னதாக வேண்டுமென்றால் ஐங்குறுநூறு. ஐந்து திணைக்கும் ஐந்து புலவர்கள், ஆளுக்கு நூறு பாட்டு. அதில் கபிலரின் குறிஞ்சிப் பகுதியிலிருந்து ஒன்று, 203-ஆம் பாட்டு:

அன்னாய் வாழிவேண் டன்னைநம் படப்பைத்
தேன்மயங்கு பாலினும் இனிய அவர்நாட்டு
உவலைக் கூவற் கீழ
மானுண் டெஞ்சிய கலிழி நீரே.

நம் தோட்டத்துத் தேன் கலந்த பாலைவிட இனியது, அவர் நாட்டில் இலைதழை மூடிய கிணற்றின் அடியில் மான் குடித்து மிஞ்சிய கலங்கல் நீர். இவ்வளவுதான் பாட்டு. பேசுபவள் தலைவி, "அன்னாய்" என்று அவள் அழைப்பது தோழியை. தலைவனோடு போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறாள். இது ஒரு கேள்விக்கான பதில். தோழி என்ன கேட்டிருப்பாள் என்று யோசித்துவிட்டு, அதன் பிறகு துறைக் குறிப்பைப் பாருங்கள்.